நூலகத்துக்குத் துணை நின்ற நண்பரை நினைவில் வைப்பது எப்படி

பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்குக் காலமெல்லாம் உதவிக்கொண்டிருந்த நண்பர் இறந்துபோனால், அவர் பெயரில் என்ன செய்யலாம் என்ற பேச்சு தானாக வரும். சட்டம் போட்ட படம் வைக்கலாம் என்பார் ஒருவர். பெயர் எழுதிய பீரோ வாங்கிக் கொடுக்கலாம் என்பார் இன்னொருவர். இரண்டும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மனிதர் செய்துகொண்டிருந்த வேலை அதோடு நின்றுவிடும். அவர் அங்கே என்னதான் செய்தார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதில் ஒரு பகுதியையாவது நிற்காமல் நடக்க வையுங்கள். இதை எப்படிச் செய்வது என்று, என் தோழிக்காக நாங்கள் சிலர் சேர்ந்து செய்ததை வைத்துச் சொல்கிறேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோழி இரணியல் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியை. ஊருக்கே அவர் ‘டீச்சர்’, எனக்கும் அப்படித்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகள் பலவும் 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வளாகம் அபிஷேகப்பட்டியில். வடசேரியில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் மாறிப் போக வேண்டும். டீச்சர் அந்த வழியாகப் பை நிறையக் காகிதங்களோடு போய் வருவார். கோயில் கொடைவிழா நோட்டீஸ், சபை நூற்றாண்டு மலர், பள்ளி ஆண்டு மலர், மீனவர் சங்கத் துண்டறிக்கை, 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல், மணக்குடிப் பக்கம் கைக்குக் கை மாறிய நிவாரண அறிக்கைகள், 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பின் கடற்கரை ஊர்களில் அச்சடித்த நோட்டீஸ்கள் என எல்லாம் அதில் இருக்கும். “புஸ்தகம் வாங்க அவங்களுக்குப் பணம் வரும் பிள்ளே. இதை யாரு கொடுப்பா?” என்பார்.

அங்கிருந்து களப்பணிக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவர் வீடுதான் முதல் நிறுத்தம். சாப்பாடு போட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேவைப்பட்டால் கூடவே போய் அறிமுகம் செய்துவைப்பார். அப்படிப்பட்டவருக்குப் பீரோ மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்ப எங்களுக்கு மனசு வரவில்லை.

வீட்டாரிடம் முதலில்

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் புத்தகப் பேச்சை எடுக்காதீர்கள். கொஞ்ச நாள் போகட்டும். அதே சமயம் ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. நம் ஊரில் பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். லீவு முடிவதற்குள் வீட்டை ஒழித்துப் பூட்ட வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் காகிதக் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அதனால் ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள்: “எதையும் எடை போட்டு விற்க வேண்டாம். நாங்கள் வந்து பார்க்கும்வரை அந்த அறையை அப்படியே வையுங்கள்.” இதற்கு மறுப்புச் சொல்லும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு உட்கார்ந்து பேசும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். புத்தகமும் காகிதமும் வாரிசுகளின் சொத்து. அதைக் கொடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும். நண்பர் கைப்பட எழுதிய குறிப்புகள், கட்டுரைகள், கடிதங்கள் ஆகியவற்றின் பதிப்புரிமை வேறு விஷயம். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அது வாரிசுகளிடம் இருக்கும். ஆகவே நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமானால், அதற்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னார் இன்னாருக்கு எழுதியது என்று குடும்பக் கடிதங்கள் இருக்கும். அவற்றை வீட்டாரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். நாம் பிரிக்கக் கூடாது.

அவர் செய்த வேலையைக் கண்டுபிடிப்பது

இப்படி உதவுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். நன்றிக் கடிதங்கள் டைரிக்குள்ளும் பைபிளுக்குள்ளும் கிடக்கும். நூலகரை மட்டும் கேட்டால் போதாது. நூலகர்கள் மாறியிருப்பார்கள். கவுண்டரில் இருக்கும் உதவியாளர், ஓய்வு பெற்றுப்போன அட்டெண்டர், ஆராய்ச்சி முடித்து இப்போது எங்கேயோ வேலை பார்க்கும் பழைய மாணவர்கள், இவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆய்வேடுகளின் முன்பக்கத்தில் நன்றியுரை இருக்கும். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல ஆய்வேடுகளில் நன்றியுரை தனிக் கோப்பாகவே இருக்கும். உங்கள் நண்பருக்குத் தெரிந்த துறைகளில் வந்த ஆய்வேடுகளைத் திறந்து அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். பேச்சிப்பாறைப் பாசனம் பற்றிய ஆய்வில், நாட்டார் தெய்வங்கள் பற்றிய ஆய்வில், கட்டுமர மீனவர்கள் பற்றிய ஆய்வில் அவர் பெயர் வரலாம். அந்தப் பக்கங்களை அச்செடுத்து வீட்டாரிடம் கொடுங்கள். அம்மா வெளியே போய் வந்ததெல்லாம் எதற்கு என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரியும். எத்தனை பெரிய இரங்கல் கூட்டமும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

நூலகத்தை என்ன கேட்க வேண்டும்

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நேராகப் போய் இறங்கிவிடாதீர்கள். முதலில் பட்டியல் போகட்டும். நூலகம் வாங்குமா என்பதைப் பட்டியலைப் பார்த்துத்தான் அவர்களால் சொல்ல முடியும். ஏற்கெனவே இரண்டு பிரதி இருக்கும் நூலுக்கு மூன்றாவது பிரதி அங்கே இடத்தை அடைக்கும். அதே நூல் ஊர்க் கிளை நூலகத்திலோ பக்கத்துக் கல்லூரியிலோ தேடிப் படிக்கப்படும். அதனால் நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, இல்லாதவற்றை மட்டும் தனியாகக் குறியுங்கள்.

பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் நிபந்தனை இல்லாத நன்கொடையைத்தான் விரும்பும். “எல்லாம் ஒரே அலமாரியில், கண்ணாடிக் கதவோடு, வாசலுக்கு நேராக” என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். பாடவாரியாக அடுக்கினால்தான் படிக்கிறவர் கையில் கிடைக்கும். பல நூலகங்கள் பின்பற்றும் டூயி பகுப்பு எண்களின்படி தமிழ் இலக்கியம் 894.811-ல் போகும், தமிழ்நாட்டு வரலாறு 954.82-ல் போகும். அச்சிட்ட நூல்கள் அப்படிப் பிரிந்து போவதே நல்லது.

நோட்டீஸ், மலர், துண்டறிக்கை, கையெழுத்துக் குறிப்பு போன்றவை அப்படியில்லை. ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கட்டு பிரிந்தால் அதன் பொருளே போய்விடும். இவற்றை ஒரே தொகுப்பாக வைக்கச் சொல்லி நீங்கள் தாராளமாக வாதாடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை மொத்தமாக வாங்கியது. 1994-ல் அதை வைத்தே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சிதறாமல் இருந்ததால்தான் தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எழுதுகிற யாரும் இன்று அங்கே போகிறார்கள். உங்கள் நண்பரின் சேகரிப்பு ஒரு டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். விதி அதற்கும் அதேதான்.

காயவைப்பதும் கட்டுவதும்

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி இன்னொரு மழை. நம் மாவட்டத்துக் காகிதம் எப்போதும் கொஞ்சம் ஈரம்தான். வெயிலில் பரப்பாதீர்கள். தாள் மஞ்சளாகி நொறுங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களை விரித்து வைத்தால் போதும். பூஞ்சணம் பிடித்தது இருந்தால் முகக்கவசம் போட்டு, மற்றவற்றோடு சேர்க்காமல் வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் துடையுங்கள். கரையானோ இராமபாணப் பூச்சியோ உள்ள கட்டு எதுவும் நூலகத்துக்குள் நுழையக் கூடாது. ஒரே ஒரு கட்டால் அங்குள்ள அலமாரிக்கே ஆபத்து.

ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்பிள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது. லாமினேஷன் செய்தால் பிறகு யாராலும் அந்தத் தாளைக் காப்பாற்ற முடியாது. பெட்டி சிறியதாக இருக்கட்டும். பெரிய பெட்டியில் புத்தகம் நிரப்பினால் தூக்குகிறவர் முதுகும் போகும், பெட்டியின் அடியும் போகும்.

தெரிந்ததை எழுதி வைப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு கொடை நோட்டீஸை நூலகத்தில் கொடுத்தால் அவர்கள் அதற்கு ஓர் எண் போட்டு வைப்பார்கள். ஆனால் அதில் அச்சான ‘பெரிய வீட்டார்’ யார், எந்த ஊர் மேலத்தெரு, அந்த வருஷம் ஏன் கொடை தள்ளிப்போனது என்பதெல்லாம் எந்த நூலகருக்கும் தெரியாது. டீச்சருக்குத் தெரியும். ஒவ்வொரு காகிதத்தோடும் ஒரு சீட்டு எழுதி வைப்பார்: எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எதற்காக அச்சடித்தது, படத்தில் இருப்பவர்கள் யார். “மக்ளே, இதுல நிக்கது யாருன்னு இப்பக் கேட்டாத்தான் உண்டு. கொஞ்ச நாள் போனா சொல்ல ஆளிருக்காது” என்பார். அவர் சீட்டு எழுதாமல் விட்டுப்போன காகிதங்களுக்கு நாங்கள் எழுதியதுதான் அவருக்காக நாங்கள் செய்த நினைவு வேலையில் பெரியது.

எப்படி எழுதுவது? மென்மையான பென்சில், தனிச் சீட்டு. மூலக் காகிதத்தில் பேனா படக் கூடாது. தெரிந்தது வேறு, கேள்விப்பட்டது வேறு. ‘இன்ன ஊர்ப் பெரியவர் சொன்னது’ என்று பிரித்து எழுதுங்கள். குழுப் படங்களை ஒரு பிரதி எடுத்து, அந்த ஊரில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். இடமிருந்து வலமாக, நிற்பவர், இருப்பவர் என்று வரிசைப்படுத்தி எழுதுங்கள். அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

நம் மாவட்டக் காகிதங்களுக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டில் இல்லை. முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. அதனால் பழைய காகிதங்களில் அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825. கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 ஐப்பசியில் வந்தது. 824-ஐக் கூட்டினால் 1936. அந்தத் தேதி 1936 நவம்பர் 12, கணக்குச் சரியாக வருகிறது. ஆண்டே அச்சாகாத காகிதத்தில் விலையைப் பாருங்கள். விலை சக்கரத்தில் இருந்தால் அது திருவிதாங்கூர் காலத்தது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

வகைப்படுத்துவதிலும் இந்தச் சிக்கல் வரும். ‘திருவிதாங்கூர்’ என்ற பெயரைப் பார்த்ததும் கேரள வரலாறு என்று 954.83-ல் போட்டுவிட வாய்ப்பு அதிகம். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது பற்றிய துண்டறிக்கை அங்கே போய் உட்கார்ந்தால், குமரி மாவட்ட இணைப்புப் போராட்டத்தைப் பற்றி ஆராய்கிற மாணவர் அதைப் பார்க்கவே மாட்டார். எந்த வகையில் வைப்பது என்பது நூலகர் முடிவு. ஆனால் ‘கன்னியாகுமரி மாவட்டம்’ என்ற பொருள் தலைப்பையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். சீட்டில் பழைய ஊர்ப்பெயர், இப்போதைய பெயர், பேச்சில் வழங்கும் பெயர் மூன்றையும் எழுதுங்கள். திங்கள்சந்தை என்று தேடுகிறவருக்கும் திங்கள்நகர் என்று தேடுகிறவருக்கும் ஒரே காகிதம் கிடைக்க வேண்டும்.

ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ-க்குக் குறையாமல், வண்ணத்தில், பின்பக்கத்தையும் சேர்த்து. நோட்டீஸின் பின்பக்கத்தில்தான் யாராவது வரவு செலவு எழுதியிருப்பார்கள். அது பல சமயம் முன்பக்கத்தைவிட முக்கியமானது.

பணம் சேர்ந்தால்

நண்பர்கள் கூடினால் பணமும் கொஞ்சம் சேரும். நிரந்தர அறக்கட்டளை வைப்பதா, வருஷா வருஷம் செலவழிப்பதா என்ற கேள்வி அப்போது வரும். பல்கலைக்கழகத்தில் அறக்கட்டளை தொடங்க வேண்டுமென்றால் விதிமுறை வரைந்து, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் பெற வேண்டும். மாதக்கணக்காகும். அசல் வைப்புநிதியில் இருக்கும், வட்டி மட்டும் செலவாகும். 2 லட்சம் ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 13,000 ரூபாய். அதற்கு என்ன செய்ய முடியும் என்று முன்னாலேயே கணக்குப் போடுங்கள். 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் அறக்கட்டளையே வேண்டாம் என்பேன். நாலைந்து பேர் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு வேலையை எடுத்துச் செய்வதே மேல்.

நூலகத் துறையில் எங்களுக்கெல்லாம் ஆசானான எஸ்.ஆர்.ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். கட்டடத்துக்கோ சிலைக்கோ கொடுக்காமல், அந்த வேலையை அடுத்து வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்காகக் கொடுத்தார். நம் தொகை சின்னதுதான் என்றாலும் செலவழிக்க இதே வழி உண்டு. பழைய மலர்களை பைண்ட் செய்வது, ஒரு சிற்றிதழுக்குச் சந்தா கட்டுவது, குமரிக்குக் களப்பணிக்கு வரும் மாணவர் ஒருவருக்குப் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் டீச்சருக்காக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் பதிவாளர் பெயரில் டிடி கேட்பார்கள். ரசீது வாங்குங்கள். வரிச்சலுகை வேண்டுமானால் அந்த நிறுவனத்துக்கு அதற்கான தகுதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

பெயர்

நண்பரின் பெயர் எங்கே இருக்க வேண்டும்? தேடினால் கிடைக்கிற இடத்தில். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு சின்னச் சீட்டு, விளிம்பில் மட்டும் மாவுப்பசை தொட்டு ஒட்டியது, போதும். அதைவிட முக்கியம் கணினிப் பதிவு. மார்க் (MARC) என்ற கணினிப் பட்டியல் முறையில் பதியும் நூலகங்களில் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு 541 என்ற புலமும், முன்பு யார் வைத்திருந்தார் என்பதற்கு 561 என்ற புலமும் உண்டு. எல்லாப் பதிவுகளிலும் பெயர் ஒரே எழுத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று போனால் பாதிதான் தேடலில் வரும். எப்படி எழுதுவது என்று வீட்டாரிடம் கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.

நினைவு நாள்

இறந்த தேதி கோடை விடுமுறையில் வந்தால் வளாகத்தில் ஆளே இருக்காது. ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் அந்த வாரத்தைப் பிடித்துக்கொண்டோம். பொன்னாடையும் நீண்ட உரையும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த காகிதங்களை மேசையில் பரப்பி வையுங்கள். அவற்றைப் பயன்படுத்திய மாணவர்கள் பேசட்டும். நண்பரைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம், அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் விவரமாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ‘நல்லவர், பண்பாளர்’ என்று எல்லோரையும் சொல்லலாம். மண்டைக்காட்டுக் கொடை முடிந்த மறுநாள் மணலில் கிடந்த நோட்டீஸ்களைப் பொறுக்கி, உதறி, மடித்துப் பைக்குள் வைத்த பெண்மணி என்று டீச்சரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் தங்கள் ஊரிலிருந்து அந்த வருஷத்துக் காகிதம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே போடுங்கள். சீட்டு எழுதித்தான் தர வேண்டும். சேகரிப்பு வளர்வது இப்படித்தான்.

இவ்வளவும் நடக்க ஒரு கோப்பு வேண்டும். வாரிசுகளின் சம்மதக் கடிதம், நூலகத்தின் ஏற்புக் கடிதம், பட்டியல், டிடி நகல், ரசீதுகள், ஸ்கேன் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, இவை எல்லாம் அதில். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டாரிடம். இன்னொன்றை உங்கள் வயதுக்காரரிடம் கொடுக்காமல், உங்களைவிட இருபது வயதாவது சின்னவரான ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது நூலகருக்கும் அவரை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள்.